டெல்லி டு சான் ஃபிரான்சிஸ்கோ எவ்ளோ தூரம்? எந்த வழியா போறீங்க?

ரெண்டு ஊர் பேரை அடிச்சா நடுவுல எத்தனை கிலோமீட்டர், ஃப்ளைட்ல எத்தனை மணி நேரம்னு பட்டுனு சொல்ற சைட்டுங்க ஏகப்பட்டது இருக்கு, எனக்கு அதுல ஒரு கிறுக்கு, வேலை வெட்டி இல்லாத நேரத்துல சம்பந்தமே இல்லாத ரெண்டு ஊரை எடுத்துப் போட்டுப் பாத்துட்டு இருப்பேன். தூரம் சொல்றது ஓகே, நம்பலாம். ஆனா அதுக்குப் பக்கத்துலயே ஒரு டைம் போட்டிருப்பாங்க பாருங்க, நிமிஷக் கணக்கோட, அங்கதான் எனக்கு சிரிப்பு வரும். மணி வரைக்கும் சரியா சொன்னாலே பெரிய விஷயம், இதுல நிமிஷம் வேற.

அந்த டைம் எப்படி வருதுன்னா ஒரு ரகசியமும் இல்ல. தூரத்தை 850 மாதிரி ஏதோ ஒரு ஸ்பீடால வகுத்து, ஏறி இறங்கறதுக்கு ஒரு அரை மணி நேரம் சேத்துட்டா முடிஞ்சது. டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ நேர் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர், 850ஆல வகுத்தா 14 மணி 35 நிமிஷம், அரை மணி சேத்தா 15 மணி 5 நிமிஷம். அவ்ளோதான் ஃபார்முலா. இந்த ரெண்டு ஊரையே இன்னிக்கு எடுத்துக்கிறேன், ஏன்னா தூரத்துக்கும் நேரத்துக்கும் நேரடி சம்பந்தம் கம்மின்னு காட்ட இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

மொதல்ல தூரம். உருண்டையான பூமி மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் எதுன்னு பாக்க ஒரு குளோபும் நூலும் போதும், ரெண்டு ஊர்லயும் விரலை வெச்சு நூலை இழுத்துப் பிடிச்சா அது எந்த வழியா போய் உக்காருதோ அதுதான் குறுக்கு வழி, கிரேட் சர்க்கிள்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டர் அதையே கொஞ்சம் ட்ரிக்னாமெட்ரி போட்டு பண்ணுது, பூமியோட ஆரம் சராசரியா 6,371 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டு. உண்மையில பூமி முழு உருண்டை இல்ல, நடு இடுப்புல 6,378, துருவத்துல 6,357ன்னு லேசா அமுங்கின உருண்டை, அதனால இந்தக் கணக்குல அதிகபட்சம் அரை சதவீதம் அப்படி இப்படி இருக்கும். 12,400ல அரை சதவீதம்னா 60 சொச்சம் கிலோமீட்டர், ஃப்ளைட்டுக்கு அது நாலஞ்சு நிமிஷ வேலை. அதனால தூரத்துல நான் குறை சொல்ல மாட்டேன்.

டெல்லியிலிருந்து அமெரிக்காவோட மேற்குக் கரைக்குன்னா சுவத்துல மாட்டின மேப்பைப் பாத்து பழகினவங்க ஐரோப்பா தாண்டி அட்லாண்டிக் தாண்டி போகும்னு நினைப்பாங்க, இல்லன்னா ஜப்பான் பக்கமா பசிஃபிக்கைத் தாண்டும்னு நினைப்பாங்க. நூலைப் பிடிச்சுப் பாருங்க, அது ரெண்டையும் விட்டுட்டு டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட வடக்கேயே கிளம்பும், லேசா கிழக்குப் பக்கம் சாஞ்சு இமயமலை, திபெத்தோட மேற்கு ஓரம், அப்புறம் சீனாவோட மேற்கு, சைபீரியா, அதையும் தாண்டி ஆர்க்டிக் கடல்ல 75 டிகிரி வடக்கு வரைக்கும் ஏறி, அங்கிருந்து அலாஸ்கா வழியா சரசரன்னு இறங்கி கலிஃபோர்னியா. தட்டையான மேப்ல இதை வரைஞ்சா மேப்போட மேல் விளிம்பைத் தொட்டுட்டு வர்ற வளைவு மாதிரி இருக்கும், பாக்கறவங்க ஏன்டா இப்படி சுத்திட்டுப் போறான்னு கேப்பாங்க. சுத்தறது மேப், ஃப்ளைட் இல்ல. தென்பக்கத்துலயும் இதே கதைதான், சிட்னியிலிருந்து சிலியோட சான்டியாகோ போற ஃப்ளைட் அன்டார்க்டிகா பக்கமா வளைஞ்சு போகும்.

சரி, குறுக்கு வழி தெரிஞ்சாச்சு, அந்த வழியிலேயே போயிடலாமேன்னா அங்கதான் வம்பு.

டெல்லியிலிருந்து கிளம்பி கொஞ்ச நேரத்துலயே இமயமலையும் திபெத்தும். விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்துல பறக்குது, எவரெஸ்டே 8,849 மீட்டர்தான், அப்ப மேல தாண்டிப் போக என்ன கஷ்டம்னு கேக்கலாம். தாண்டறதுல கஷ்டம் இல்ல, அவசரத்துக்கு கீழ இறங்கறதுலதான் கஷ்டம். கேபின்ல காத்தழுத்தம் போயிடுச்சுன்னா தலைக்கு மேல மாஸ்க் விழும்ல, அதுல வர்ற ஆக்ஸிஜன் பொதுவா 12லிருந்து 20 நிமிஷம் சொச்சத்துக்குத்தான் வரும், அதுக்குள்ள பைலட் 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறக்கிடணும், அப்பதான் மாஸ்க் இல்லாம மூச்சு விட முடியும். திபெத் பீடபூமியோட சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல. இறங்கறதுக்கு இடமே இல்ல, தரை அதுக்கும் மேல இருக்கு. கூடுதல் ஆக்ஸிஜன் ஏற்பாடு, எந்தப் புள்ளியில பிரச்சனை வந்தா எந்தப் பக்கம் தப்பிச்சுப் போகணும்னு முன்கூட்டியே போட்ட திட்டம், இதெல்லாம் இருந்தாத்தான் அந்தப் பக்கம் சில ரூட்ல போக விடுவாங்க. மத்தவங்க ஓரமா சுத்திக்கிட்டுதான் போகணும்.

அதைத் தாண்டினா சைபீரியா, ஆர்க்டிக். இங்க அடுத்த கேள்வி, ரெண்டு இஞ்சின்ல ஒண்ணு நின்னுட்டா எங்க இறங்குவ? ரெண்டு இஞ்சின் விமானம் எப்பவும் ஏதாவது ஒரு ஏர்போர்ட்டுக்கு குறிப்பிட்ட நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி தூரத்துலயேதான் இருக்கணும்னு விதி, ஒரு காலத்துல அது 60 நிமிஷம், அப்புறம் 120, 180ன்னு ஏறி இன்னிக்கு ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிஷம் வரைக்கும் அனுமதி கிடைச்சிருக்கு. இது ஏட்டளவு விதின்னு நினைக்காதீங்க, 2023 ஜூன்ல இதே டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ ஏர் இந்தியா ஃப்ளைட்ல இஞ்சின் கோளாறு வந்து ரஷ்யாவோட தூரக் கிழக்குல மகதான்னு ஒரு ஊர்ல இறக்கினாங்க. அதுல இருந்த 216 பயணிகளுக்கும் அதுக்கு முன்னாடி அந்த ஊர் பேர் தெரிஞ்சிருக்குமான்னு சந்தேகம்தான். வேற விமானம் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அங்கயே கெடந்தாங்க.

இப்ப நான் சொல்ல வந்த மெயின் மேட்டர். இந்த ரூட்ல ஏர் இந்தியா 2015 டிசம்பர்ல ஃப்ளைட் விட ஆரம்பிச்சப்ப போயிங் 777-200எல்ஆர் விமானம் மேற்கால ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கமா போயிட்டிருந்துச்சு, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபர்ல ரூட்டை அப்படியே திருப்பிப் போட்டாங்க, கிழக்கால பங்களாதேஷ், மியான்மர், சீனா, ஜப்பான், பசிஃபிக்னு. இது 15,300 கிலோமீட்டர், அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். தூரம் கூடினா நேரமும் கூடணும் இல்லையா, ஆனா எடுத்துக்கிட்ட நேரம் சுமார் 14 மணி 30 நிமிஷம், பழைய வழியைவிட ரெண்டு மணி நேரம் கம்மி!

கால்குலேட்டரை எடுங்க. 15,300ஐ 14.5ஆல வகுத்தா மணிக்கு 1,055 கிலோமீட்டர். 13,900ஐ 16.5ஆல வகுத்தா 842. அதே விமானம், அதே இஞ்சின், காத்துல அது போற ஸ்பீடு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 900தான். ஒரு பக்கம் போனா காத்து 150 கிலோமீட்டர் தூக்கிக் குடுத்திருக்கு, இன்னொரு பக்கம் 60 கிலோமீட்டர் பிடிச்சு இழுத்திருக்கு. ஆத்துல தோணி மாதிரிதான், துடுப்புப் போடறவன் அதே வேகத்துலதான் போடறான், கரையில நிக்கறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தக் காத்துக்குப் பேரு ஜெட் ஸ்ட்ரீம், பெரிய ஜெட் விமானங்கள் பறக்கற அதே 9லிருந்து 12 கிலோமீட்டர் உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா ஓடற ஒரு ஒல்லியான காத்து ஆறு. வடக்கே குளிர்ந்த காத்து, தெக்கே சூடான காத்து, ரெண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துல பொறக்குது, பூமி சுத்தறதால கிழக்குப் பக்கம் திரும்புது. குளிர்காலத்துல அந்த வித்தியாசம் ஜாஸ்தி, அதனால ஜெட் ஸ்ட்ரீமும் பலம், சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலயே அடிக்கும். இதை மொதல்ல ஒழுங்கா அளந்து எழுதினவர் ஓயிஷி வசாபுரோன்னு ஒரு ஜப்பான்காரர், 1920கள்ல பலூன் விட்டு விட்டு அளந்தாரு. அளந்ததை எந்த மொழியில எழுதினாரு தெரியுமா, எஸ்பெராண்டோ! உலகம் பூரா படிக்கட்டும்னு உலகப் பொது மொழின்னு உருவாக்கின மொழியில எழுத, உலகத்துல ஒருத்தரும் படிக்கல. அப்புறம் ரெண்டாம் உலகப் போர்ல பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் மேல பறக்கும்போதுதான் அமெரிக்காக்காரங்களுக்கு என்னடா இது காத்து இப்படி அடிக்குதுன்னு உறைச்சுது. பாவம் ஓயிஷி.

இந்தக் காத்தை நேர்ல பாக்கணும்னா சீட்டுக்கு முன்னாடி இருக்கற ஸ்கிரீன்ல படத்தை நிறுத்திட்டு மேப்பைப் போடுங்க. கிழக்கு நோக்கிப் போற நைட் ஃப்ளைட்ல, எல்லாரும் தூங்கின நேரத்துல நான் அதையேதான் பாத்துட்டு இருப்பேன். கிரவுண்ட் ஸ்பீடுன்னு ஒரு நம்பர் இருக்கும், 905, 910ன்னு அங்கயே நின்னுட்டு இருக்கும், வெளிய மைனஸ் 54 டிகிரி, உயரம் 10,668 மீட்டர்னு மாறி மாறி வரும், திடீர்னு 940, 985, 1,030ன்னு ஏற ஆரம்பிக்கும், அதே நேரத்துல விமானம் லேசா குலுங்கும், சீட் பெல்ட் லைட் டிங்குனு எரியும், காரணம் ஜெட் ஸ்ட்ரீமோட ஓரத்துல வேகம் சட்டுனு மாறுது, மேகமே இல்லாட்டியும் அங்க குலுங்கும். உள்ள போனதும் அமைதியாயிடும், நம்பர் 1,080ல போய் நிக்கும், போய்ச் சேர இன்னும் இத்தனை மணி நேரம்னு போட்டிருக்கறதுல ஒரே தாவுல இருபது நிமிஷம் கொறையும். மேற்கால போற பகல் ஃப்ளைட்ல இதையே தலைகீழா பாக்கலாம், 780க்கு விழுந்துட்டு அசையவே அசையாது, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தாலும் இன்னும் அதே கடல்.

லண்டன் - நியூயார்க் எடுத்துக்கோங்க, 5,540 கிலோமீட்டர். நியூயார்க் போறப்ப டைம்டேபிள்ல 8 மணி நேரம் பக்கம் போட்டிருக்கும், திரும்பி வர்றப்ப 7 மணி நேரம் பக்கம். 2020 பிப்ரவரி 9ஆம் தேதி கியாரா புயல் அட்லாண்டிக்கைக் கலக்கிட்டு இருந்த நேரத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்லருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்து சேந்துச்சு, ஒரு கட்டத்துல தரைக் கணக்குல மணிக்கு 1,327 கிலோமீட்டர். அது சத்தத்தோட வேகத்தைத் தாண்டிருச்சேன்னு அப்ப நிறைய பேர் எழுதினாங்க, தாண்டல, விமானம் தன்னைச் சுத்தி இருந்த காத்துக்குள்ள வழக்கமான வேகத்துலதான் போயிட்டிருந்துச்சு, அந்தக் காத்துதான் ஓடிட்டிருந்துச்சு. நிஜமாவே சத்தத்தைத் தாண்டினது கான்கார்ட்ங்கற பயணிகள் விமானம், 1996ல அதே ரூட்ல 2 மணி 52 நிமிஷம் 59 செகண்ட். 2003ல அதை நிறுத்தினதுக்கப்புறம் நாம எல்லாரும் அந்தப் பழைய 900தான். அறுபது வருஷமா ஃபோன் மாறிடுச்சு, டிவி மாறிடுச்சு, ஜெட் விமானத்தோட ஸ்பீடு மட்டும் மாறவே இல்ல, காரணம் சத்தத்தோட வேகத்தை நெருங்க நெருங்க காத்தோட எதிர்ப்பு எகிறிடும், எரிபொருள் செலவு தாங்காது.

இங்க ஒருத்தராவது கேப்பாங்க, பூமி மேற்கிலிருந்து கிழக்கா சுத்துது, அப்ப மேற்கால போற ஃப்ளைட்டுக்கு ஊர் தானா எதிர்ல வரணுமே, சீக்கிரம் போகணுமேன்னு. வராது. காத்து மண்டலமும் பூமியோட சேந்துதான் சுத்துது, ரன்வேயில நிக்கற விமானமும் அதே வேகத்துலதான் சுத்திட்டு இருக்கு. அப்படி நிஜமா நடந்தா ஹெலிகாப்டர்ல மேல ஏறி அப்படியே நின்னுட்டு அமெரிக்கா கீழ வந்ததும் இறங்கிக்கலாமே.

இன்னொரு விஷயம், போறப்ப எதிர்க்காத்து வர்றப்ப பின்காத்து, அப்ப மொத்தத்துல சரியாப் போச்சுன்னு சொல்லுவாங்க. சரியாப் போகாது. 5,400 கிலோமீட்டர் வெச்சுக்கோங்க, ஸ்பீடு 900, காத்தே இல்லன்னா போக 6, வர 6, மொத்தம் 12 மணி நேரம். 150 காத்து அடிச்சா போறப்ப 750ல 7 மணி 12 நிமிஷம், வர்றப்ப 1,050ல 5 மணி 9 நிமிஷம், கூட்டினா 12 மணி 21 நிமிஷம். எதிர்க்காத்துல நீங்க அதிக நேரம் இருக்கீங்க, பின்காத்துல கம்மி நேரம் இருக்கீங்க, அதனால நஷ்டம் எப்பவும் கொஞ்சம் தூக்கலாதான் இருக்கும். ஆனா டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி பூமியோட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கற ஊருங்கன்னா ஒரு ஆசை காட்டும் வசதி இருக்கு, போறப்பவும் கிழக்கால போய் வர்றப்பவும் கிழக்காலயே வந்துடலாம், ரெண்டு தரமும் பின்காத்து, போய்ட்டு வந்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்தினாப்ல ஆச்சு.

காத்தாவது பரவால்ல, இயற்கை. வானத்துக்குப் பூட்டு போடறாங்க பாருங்க, அது ஃபார்முலாவுல எங்கயும் வராது. ஹெல்சிங்கி - டோக்கியோ நேர் தூரம் 7,800 கிலோமீட்டர் சொச்சம், ஃபின்லாந்து கம்பெனி ஃபின்ஏர் ரஷ்யா மேல 9 மணி 30 நிமிஷம் பக்கத்துல போயிட்டிருந்துச்சு, ஆசியாவுக்கு குறுக்கு வழி எங்க ஊர்தான்னு அதை வெச்சே பிசினஸ் பண்ணினாங்க. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்ய வானம் அவங்களுக்கு மூடியாச்சு, இப்ப வட துருவத்துக்கு மேல, இல்லன்னா தெக்கால சுத்திப் போகணும், கிட்டத்தட்ட 13 மணி நேரம். துருவத்தைத் தாண்டின பயணிகளுக்கு ஒரு சர்டிஃபிகேட் வேற குடுத்தாங்க, வட துருவம் தாண்டினீர்னு. வேடிக்கை என்னன்னா 1983ல சோவியத் காலத்துல அதே கம்பெனி டிசி-10 விமானத்துல ஹெல்சிங்கி - டோக்கியோ நான்-ஸ்டாப் ஆரம்பிச்சப்பவும் வட துருவம் வழிதான், அப்பவும் கிட்டத்தட்ட 13 மணி நேரம்தான். நாப்பது வருஷத்து முன்னேற்றம் ஒரே வாரத்துல போச்சு.

நம்ம ரூட்டுக்கும் இது உண்டு. பாகிஸ்தான் வானம் 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரைக்கும் மூடியிருந்துச்சு, மறுபடியும் 2025 ஏப்ரல் 24லருந்து இந்திய விமானங்களுக்கு மூடிட்டாங்க, டெல்லியிலிருந்து மேற்கால கிளம்பற எதுவா இருந்தாலும் தெக்கே இறங்கி அரபிக்கடல் மேல சுத்தணும், அமெரிக்கா போற சில ஃப்ளைட் நடுவுல வியன்னா மாதிரி ஊர்ல இறங்கி எரிபொருள் நிரப்பிட்டுப் போக வேண்டி வந்துச்சு. அதே நேரத்துல ரஷ்ய வானம் அமெரிக்க கம்பெனிங்களுக்கு மூடினது, இந்திய கம்பெனிக்குத் திறந்திருந்தது. அப்ப ஒரே ரெண்டு ஊரு, ஒரே தூரம், வாலுல பெயிண்ட் அடிச்ச கொடி எதுங்கறதப் பொறுத்து வழி மாறுது, நேரம் மாறுது. சைட்டுல அந்த 15 மணி 5 நிமிஷம் மட்டும் அப்படியே நிக்குது.

சரி, ரொம்ப தூரம்னா எவ்ளோதான் தூரம்? பூமியோட சுத்தளவு 40,000 கிலோமீட்டர், அதனால எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல 20,000க்கு மேல இருக்க வாய்ப்பே இல்ல. இன்னிக்கு தினசரி ஓடறதுல பெரிசு சிங்கப்பூர் - நியூயார்க், சுமார் 15,350 கிலோமீட்டர், 18 மணி 40 நிமிஷம் பக்கம். 2004லயே நாலு இஞ்சின் ஏ340-500 வெச்சு இதை ஆரம்பிச்சாங்க, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாம 2013ல நிறுத்தினாங்க, 2018ல ஏ350-900யுஎல்ஆர் வந்ததும் மறுபடி ஆரம்பிச்சாங்க. 165,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், ஆனா சீட்டு 161தான், எகானமியே கிடையாது, அதே கம்பெனியோட சாதாரண நீண்ட தூர ஏ350-900ல 253 சீட்டு இருக்கும். ஏன்னா தூரம் கூடக் கூட எரிபொருளைத் தூக்கிட்டுப் போறதுக்கே எரிபொருள் செலவாகும், ஆளைக் குறைச்சாத்தான் கணக்கு சரிவரும். என்னைக் கேட்டா நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ரெண்டு மணி நேரம் கால நீட்டி நடந்துட்டுப் போறது எவ்வளவோ மேல், ஆனா நான்-ஸ்டாப்புக்குக் கூட காசு குடுக்கற ஆளுங்க இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும்.

ஆஸ்திரேலியக் கம்பெனி குவான்டாஸ் இதையும் தாண்டி சிட்னி - லண்டன் நான்-ஸ்டாப் விடப் போறோம்னு பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, 17,000 கிலோமீட்டர். 2019 அக்டோபர்ல நியூயார்க் - சிட்னி ஒரு சோதனை ஃப்ளைட் ஓட்டினாங்க, 49 பேரை மட்டும் ஏத்திக்கிட்டு 19 மணி 16 நிமிஷம். திட்டத்துக்கு ப்ராஜெக்ட் சன்ரைஸ்னு பேரு, அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1943லருந்து 1945 வரைக்கும் போர் நேரத்துல அவங்க ஆஸ்திரேலியாவோட பெர்த்திலிருந்து இலங்கையில காலிக்குப் பக்கத்துல இருக்கற கொக்கலை ஏரிக்கு கேட்டலினா கடல் விமானம் ஓட்டினாங்க. சுமார் 5,600 கிலோமீட்டர் தூரம், நிறுத்தாம 27லிருந்து 33 மணி நேரம் வரைக்கும் பறந்தாங்க, பயணிகள் அதிகபட்சம் மூணே பேர், எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு ரேடியோவைப் பயன்படுத்தாம நட்சத்திரத்தைப் பாத்தே வழி பிடிச்சுப் போவாங்களாம், ஒரே பயணத்துல சூரியன் ரெண்டு தடவை உதிக்கறதைப் பாக்கலாம், அதனால டபுள் சன்ரைஸ். இன்னிக்கு அந்தத் தூரம் ஜெட்டுக்கு 7 மணி நேரம்.

டைம்டேபிள்ல போடற நேரம் வேற ஒரு நேரம்னு நிறைய பேருக்குத் தெரியாது. அது பறக்கற நேரம் இல்ல, கேட்லருந்து பின்னால தள்ளறது தொடங்கி அந்த ஊர் கேட்ல நிக்கற வரைக்கும். பெரிய ஏர்போர்ட்டுன்னா ரன்வே வரைக்கும் ஊர்ந்து போகவே இருபது நிமிஷம், கிளம்பினதுக்கப்புறமும் 10,000 அடிக்குக் கீழ பல நாட்டுல மணிக்கு 460 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இறங்கறதுக்கு 200 கிலோமீட்டர் முன்னாடியே ஸ்பீடைக் குறைச்சு இறங்க ஆரம்பிக்கணும், அங்க கூட்டமா இருந்தா வட்டம் போட வேற விடுவாங்க. இதுக்கெல்லாம் மேல கம்பெனிங்க கொஞ்சம் சதை வெச்சுதான் நேரம் போடறாங்க, லேட்டா கிளம்பினாலும் டயத்துக்கு வந்துட்டோம்னு கணக்குக் காட்ட. பைலட் மைக்ல வந்து 25 நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்னு பெருமையா சொல்லுவாரு, கீழ போனா கேட் காலி இல்லன்னு அதே 25 நிமிஷம் உக்கார வெச்சிருப்பாங்க.

அப்புறம் டிக்கெட்ல ரெண்டு ஊர் உள்ளூர் நேரமும் போட்டிருக்கும், அதைக் கழிச்சுப் பாத்து பயண நேரம்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. கோடையில டெல்லிக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் வித்தியாசம் 12 மணி 30 நிமிஷம், விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பி 14 மணி 30 நிமிஷம் பறந்தா அங்க அதே தேதி காலை 6 மணி, டிக்கெட்டைப் பாத்தா ரெண்டு மணி நேரப் பயணம்! இதுல உச்சம் 2018 ஜனவரி 1, ஆக்லாந்துலருந்து ஹொனலூலு போற ஹவாய்யன் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் டிசம்பர் 31 ராத்திரி 11:55க்குக் கிளம்ப வேண்டியது, பத்து நிமிஷம் லேட்டாகி 12:05க்கு, அதாவது 2018ல கிளம்பிச்சு, தேதிக் கோட்டைத் தாண்டி 9 மணி நேரத்துக்கு மேல பறந்து, 2017 டிசம்பர் 31 காலை 10:16க்கு இறங்கிச்சு. பத்து நிமிஷ டிலேல ஒரு வருஷம் பின்னால போய்ட்டாங்க, ரெண்டு தடவை புத்தாண்டு.

அப்ப நான் என்ன பண்றேன்னா, அவசரத்துக்கு மனக்கணக்கு வேணும்னா தூரத்தை 850ஆல வகுத்து 40 நிமிஷம் சேப்பேன். சிங்கப்பூர் - நியூயார்க்குக்கு அது 18 மணி 43 நிமிஷம்னு அழகா வரும், லண்டன் - நியூயார்க்குக்கு 7 மணி 11 நிமிஷம்னு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வரும். வடக்கு தெக்கா போற ரூட்டுன்னா அதையே வெச்சுக்கலாம். கிழக்கு மேற்குன்னா, அதுவும் குளிர்காலம்னா, மேற்கால போறதுக்கு ஒரு அரை மணி முக்கால் மணி கூட்டிக்கோங்க, கிழக்கால வர்றதுக்கு கால் மணியாவது கழிங்க. யாரையாவது ஏர்போர்ட்ல போய் கூட்டிட்டு வரணும்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ஃப்ளைட் ட்ராக்கர்ல அதே ஃப்ளைட் நம்பரைப் போட்டு போன ஒரு வாரமா நிஜத்துல எத்தனை மணிக்கு இறங்கிச்சுன்னு பாருங்க, ரொம்ப சீக்கிரம் வந்த நாளையும் ரொம்ப லேட்டான நாளையும் விட்டுட்டு நடுவுல இருக்கறதை எடுத்துக்கோங்க. அதுக்கு மேல ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா போதும், இமிக்ரேஷன் வரிசையும் லக்கேஜ் பெல்ட்டும் எந்த ஜெட் ஸ்ட்ரீமுக்கும் அசையறதில்ல.